ஹர்கிலா நாரை போட்ட அசாம் துண்டு: ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

இந்த ரிவ்யூவ போன வருஷமே எழுதியிருக்கலாம், ஆனா துணி விஷயத்துல வாங்கின அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போடுறதுல எனக்கு நம்பிக்கை கிடையாது, பத்து தடவை தோய்ச்சு காயப்போட்டு அதுக்கப்புறம் கரை எப்படி இருக்கு, சாயம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் சொல்லணும்னு வச்சிருந்தேன். இப்போ ஒரு வருஷம் தாண்டிருச்சு. வாங்கினது கமோசா ரெண்டு, காட்டன் ஸ்டோல் ஒண்ணு. மூணுலயும் ஒரே பறவைதான், ஹர்கிலா நாரை. நெய்ஞ்சது அசாம்ல காம்ரூப் மாவட்டத்துல தாதரா, பசரியா பக்கத்து பொம்பளைங்க, அந்தப் பறவையக் காப்பாத்துற அவங்க கூட்டத்துக்கு ஹர்கிலா ஆர்மின்னு பேரு.

கமோசான்னா தெரியாதவங்களுக்கு, நம்ம ஊரு துண்டு மாதிரிதான், வெள்ளைத் துணியில சிவப்புக் கரை, ரெண்டு முனையிலயும் சிவப்பு நூல்ல பூ வேலை. ஆனா அங்க அது வெறும் துடைக்கிற துணி இல்ல, பெரியவங்களுக்கு மரியாதை பண்ணணும்னா கழுத்துல போடுவாங்க, பிஹு பண்டிகைக்கு வீட்டுப் பொம்பளைங்க தன் கையால நெய்ஞ்சு குடும்பத்துக்குக் குடுப்பாங்க, நாம்கர்ங்கற பிரார்த்தனைக் கூடத்துல புனித நூல் மேல போத்துவாங்க. 2022ல அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. நம்ம ஊர்ல பொன்னாடைன்னு ஒண்ணு போத்துறாங்களே, போட்ட மறுநிமிஷம் அது பீரோவுக்குப் போயிரும், கமோசா அப்படி இல்ல, போட்டுக்கிட்டே இருப்பாங்க, தோளுல கிடக்கும்.

அதுல வழக்கமா வர்றது பூ, செடி, ஜாப்பித் தொப்பி இந்த மாதிரி. அந்த மரியாதைத் துணியில இவங்க போட்டிருக்குறது ஒரு பொணந்தின்னிப் பறவைய. நான் வேணும்னேதான் இப்படிச் சொல்றேன், ஏன்னா அந்த ஊர்ல முன்னாடி அதுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். ஹர்கிலான்னாலே எலும்பை முழுங்குறதுன்னு அர்த்தம், ஹார்னா எலும்பு. கிட்டத்தட்ட அஞ்சடி உயரம், இறக்கைய விரிச்சா எட்டடி, மண்டையில முடி கிடையாது, கழுத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு பை தொங்கும், செத்த மாடு, மீன், எலும்புன்னு எல்லாத்தையும் தின்னும். இது கூடு கட்டுறது காட்டுல இல்ல, ஊருக்குள்ள மனுஷன் வீட்டுக் கொல்லையில நிக்கிற உசரமான கதம்ப மரத்துலயும் இலவ மரத்துலயும். அப்போ நினைச்சுப் பாருங்க, கீழ துணி காயுது, மேல இருந்து எச்சம், அழுகின மீன் துண்டு, நாத்தம். அபசகுனம்னு வேற சொல்லி வச்சிருந்தாங்க.

துணிக்கு வர்றேன். மொதல்ல நான் ஏமாந்த கதைய சொல்லிடுறேன், அது உங்களுக்கு உதவும். குவாஹாட்டிக்கு எங்க வீட்டுக்காரருக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகி போன புதுசுல, இந்தப் பறவை போட்ட ஸ்டோல்னு ஒரு ஆன்லைன் கடையில பாத்து ஆர்டர் பண்ணேன், கைத்தறின்னுதான் போட்டிருந்துச்சு. வந்தது பிரிண்ட். பறவை ஒரு பக்கம் பளிச்சுன்னு இருக்கு, திருப்பிப் பாத்தா மங்கலா ஊறின மை மாதிரி. மொதல் தோய்ப்புலயே சிவப்பு இறங்கி எங்க வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை ரெண்டு ரோஸ் கலர் ஆயிருச்சு. திருப்பி எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. துணிக்குப் போன காசைவிட எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அந்தப் பறவையக் காப்பாத்தின பொம்பளைங்களுக்கு அந்தக் காசுல ஒரு பைசா போகலையேன்னுதான். அதனால யாரு வாங்கினாலும் மொதல்ல துணியத் திருப்பிப் பாருங்க. தறியில புட்டா போட்டதுன்னா பின்பக்கம் நூல் ஓட்டம் தெரியும், விரல்ல தடவுனா மேடு தட்டும், ரெண்டு பறவை அச்செடுத்த மாதிரி ஒண்ணா இருக்காது.

என் துண்டுல ஒரு முனையில மூணு பறவை, இன்னொரு முனையில மூணு. கிட்டப் பாத்தா நடுவுல நிக்கிற பறவைக்கு அலகு மத்ததைவிட ரெண்டு இழை நீளம். அந்த எடத்துல நெசவாளி ஊடு நூலை ஒரு தடவை கூடப் போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச பறவை. கழுத்துப் பை கூட விடாம போட்டிருக்காங்க. அந்தப் பறவைய தெனம் கொல்லையில அண்ணாந்து பாக்குறவங்க நெய்ஞ்சதுன்னு அதுலயே தெரியுது, அது நிக்கிற நிலை, முதுகைக் கொஞ்சம் கூன் போட்டு யோசிக்கிற மாதிரி நிக்குமே, அது அப்படியே இருக்கு. பிரிண்ட் துணியில இருந்த பறவை கொக்கு மாதிரி இருந்துச்சு, கழுத்து வளைஞ்சு, அழகா. ஹர்கிலா அப்படி அழகு இல்ல. இவங்க அதை அழகாக்கப் பாக்கல, உள்ளபடியே போட்டிருக்காங்க.

இந்தத் துணி எப்படி வந்துச்சுங்கறத எழுதாம இந்த ரிவ்யூ முழுசாகாது, பொறுமையா படிங்க.

பூர்ணிமா தேவி பர்மன்னு ஒரு அம்மா. உயிரியல் ஆராய்ச்சியாளர், ஆரண்யக்ங்கற காட்டுயிர் பாதுகாப்பு அமைப்புல வேலை பாக்குறவங்க. அஞ்சு வயசுல பிரம்மபுத்திரா கரையில பாட்டி வீட்டுல விட்டிருக்காங்க, அப்பா அம்மாவ விட்டுட்டு வந்த ஏக்கத்துல இருந்த பிள்ளைய அந்தப் பாட்டி வயலுக்கும் சதுப்புக்கும் கூட்டிட்டுப் போயி பறவையெல்லாம் காட்டி, பாட்டுச் சொல்லிக்குடுத்து வளத்திருக்காங்க. 2007ல ஹர்கிலா பத்தி பிஹெச்டி பண்ண ஆரம்பிச்சப்போ, சின்ன வயசுல பாட்டி காட்டின பறவைங்க பாதி இப்ப இல்லவே இல்லன்னு தெரியுது. அந்த சமயத்துலதான் தாதராவுல ஒருத்தர் தன் வீட்டுக் கதம்ப மரத்தை வெட்டுறாரு, மரம் முழுக்க கூடு, குஞ்செல்லாம் கீழ விழுந்து கிடக்குது. இவங்க போய் கேட்டா சுத்தி நின்ன ஆம்பளைங்க கத்துறாங்க, அவ்வளவு அக்கறைன்னா நீயே வந்து எங்க வீட்டுல எச்சத்தைக் கழுவுன்னு சொல்றாங்க. வீட்டுல அப்போ அவங்களுக்கு இரட்டைப் பொண் குழந்தைங்க, கைக்குழந்தைங்க. கீழ கிடந்த குஞ்சோட நெஞ்சு துடிக்கிறதப் பாத்தப்ப எனக்கு என் பிள்ளைங்க ஞாபகம்தான் வந்துச்சுன்னு அவங்களே பல பேட்டியில சொல்லியிருக்காங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு அடுத்த வரி ஓடல. ஏன்னா எங்க ஊர்ல, திருப்பத்தூர் பக்கம், சிவகங்கை மாவட்டம், எங்கம்மா வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டுல ஒரு புளியமரம் இருந்துச்சு. மழைக்காலம் ஆனா மடையான், கொக்கு, நத்தைகுத்தி நாரைன்னு அடைஞ்சு கிடக்கும். எங்க பக்கத்துல வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுகுடிப்பட்டியெல்லாம் இருக்கு, பறவை பயந்திரும்னு தலைமுறை தலைமுறையா தீபாவளிக்கு வெடி போடாத ஊருங்க, அதனால எங்களுக்கு மரத்துல பறவைங்கறது பெரிய விஷயமே இல்ல, இருக்கும், அவ்வளவுதான். கொரோனாவுக்கு முந்தின வருஷம் ஐப்பசியில, கார் மேல எச்சம் விழுதுன்னு அந்த எடத்துக்காரங்க ஆள் வச்சு ஒரே காலையில வெட்டிட்டாங்க. குஞ்சு பொரிச்சிருந்த நேரம். எங்கம்மா முறத்தை எடுத்துட்டு ஓடியிருக்கு. பதினேழு குஞ்சு, எண்ணி வச்சிருக்கு. அடுப்படியில அட்டைப்பெட்டியில வச்சு, மீன் வாங்கிட்டு வந்து நசுக்கி ஊட்டிப் பாத்துச்சு, ரெண்டு நாள்ல எல்லாம் போயிருச்சு. தாய்ப்பறவைங்க மரம் இருந்த எடத்துக்கு மேல சுத்திச் சுத்தி வந்துச்சாம், அம்மா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினது சாத்தினதுதான், ரொம்ப நாள் தொறக்கவே இல்ல. தெருவுல கொக்குக்காகவா அழுவுறன்னு கேட்டிருக்காங்க. நான் ஃபோன்லதான் இருந்தேன், நானும் விடும்மான்னுதான் சொன்னேன்.

அந்த துக்கத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எங்கம்மாவுக்குத் தெரியல, எனக்கும் தெரியல. பூர்ணிமா பைதேவ் அதே துக்கத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணாங்கங்கறதுதான் இந்தத் துண்டு. பைதேவ்னா அக்கா, அங்க எல்லாரும் அவங்கள ஹர்கிலா பைதேவ்னுதான் கூப்பிடுறாங்க. பிஹெச்டியத் தள்ளி வச்சுட்டாங்க, 2019லதான் முடிச்சாங்க, பன்னெண்டு வருஷம். மரமெல்லாம் தனியார் கொல்லையில இருக்கு, ஒவ்வொரு கொல்லையையும் சரணாலயம்னு அறிவிக்க முடியாது, மரத்துக்காரருக்கு அது மரக்கட்டை, வித்தா காசு. அப்போ மரத்தைக் காப்பாத்தணும்னா அந்த வீட்டைத்தான் பிடிக்கணும், வீட்டைப் பிடிக்கணும்னா அந்தக் கொல்லையத் தெனம் கூட்டிப் பெருக்குறவங்களப் பிடிக்கணும், அது ஆம்பளைங்க இல்ல.

ஆனா கூட்டம் போட்டு பறவையப் பத்திப் பேசுறோம் வாங்கன்னா யாரு வருவா. அதனால சமையல் போட்டி வச்சிருக்காங்க, பொம்பளைங்க வந்தாங்க, போட்டிக்கு நடுவுல பறவைய பத்திப் பேச்சு. அப்புறம் ஹர்கிலாவுக்கு வளைகாப்பு. நெசமாத்தான் சொல்றேன், அந்த ஊர்ல மாசமா இருக்குற பொண்ணுக்குச் செய்ற சடங்கு இருக்கு, அதை கூடு கட்டுற பருவத்துல அந்தப் பறவைக்குச் செய்றாங்க, பாட்டுப் பாடி, பலகாரம் வச்சு. எனக்கு இதுதான் எல்லாத்தைவிட பெரிய யோசனையாத் தெரியுது. வளைகாப்பு போட்ட பொண்ணை அப்புறம் யாராவது தெருவுல தள்ளுவாங்களா? மாசமா இருக்குறவ பசியோட இருக்கக்கூடாது, பயப்படக்கூடாதுன்னு எந்தப் பாட்டிக்கும் புதுசா சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல, அந்த அக்கறை ஏற்கனவே அவங்க கிட்ட இருக்கு, அதுக்குள்ள இந்தப் பறவையையும் கூட்டிட்டு வந்து உக்கார வச்சுட்டாங்க.

தறியும் அப்படித்தான். அசாம் கிராமத்துல வீட்டுக்கு வீடு தறி இருக்குற ஊருங்க நிறைய, பொண்ணுங்களுக்குச் சின்ன வயசுலயே நெசவு வரும், புதுசா கத்துக்குடுக்கணும்னு இல்ல. நூலும் தறியும் குடுத்து, பூ போடுற எடத்துல ஹர்கிலாவப் போடுங்கன்னு சொல்லி, அதை விக்க வழி பண்ணியிருக்காங்க. வருமானம் அந்தப் பொம்பளைங்களுக்கு. இப்ப யோசிச்சுப் பாருங்க, கொல்லையில நிக்கிற பறவையாலதான் மாமியார் கையில காசு வருது, மருமக கையில காசு வருதுன்னா அந்த வீட்டுல மரத்தை வெட்டலாம்னு எப்படிப் பேச்சு எடுப்பாங்க?

நான் நேர்ல போனது மாக் பிஹு முடிஞ்ச ஜனவரியில. குவாஹாட்டியில இருந்து சராய்காட் பாலம் வழியா பிரம்மபுத்திராவத் தாண்டி வடகரைக்குப் போகணும். நல்ல பனி, ஊருக்குள்ள நுழையும்போது எனக்கு மொதல்ல கேட்டது சத்தம்தான், டக்டக்டக்னு யாரோ மரக்கட்டைய தட்டுற மாதிரி. நாரைக்குக் குரல் கிடையாது, அலகை அடிச்சுத்தான் சத்தம் போடும், அது அப்போ எனக்குத் தெரியாது. அண்ணாந்து பாத்தா மரத்து உச்சியில ஒரு ஆள் நிக்கிற மாதிரி நிக்குது. அப்புறம் பக்கத்து மரத்துல ரெண்டு. நாத்தம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன், மீன் மார்க்கெட் மூடின சாயங்காலம் மாதிரி. மரத்துக்கு அடியில வலை கட்டியிருந்துச்சு, காத்துல தவறி விழுற குஞ்சு அடிபடாம இருக்க. அடிபட்ட குஞ்சுகள எடுத்துக் காப்பாத்தி வளத்து விடுறாங்க, அதுக்கு குவாஹாட்டி மிருகக்காட்சி சாலையும் உதவியிருக்கு.

நாங்க உக்காந்த வீட்டுல ஒரு ஆய்தா, பாட்டிக்கு அங்க ஆய்தான்னு சொல்றது, லால் சாவும் (பால் ஊத்தாத டீ) எள்ளுப் பித்தாவும் (அரிசி மாவுப் பலகாரம்) குடுத்தாங்க. எனக்கு அசாமிய வராது, அவங்களுக்கு என் ஹிந்தி பாதிதான் புரியுது. மருமக தறியில உக்காந்து நெய்ஞ்சுட்டு இருந்தாங்க, பாவு வெள்ளை, கையில சிவப்பு நூல், ஒவ்வொரு இழையா விரலால எடுத்து எடுத்துப் போடுறாங்க, ஒரு பறவையோட கால் முடியவே அவ்வளவு நேரம் ஆகுது. அதைப் பாத்ததுக்கு அப்புறம் விலையப் பேரம் பேச எனக்கு வாய் வரல. ஆய்தா வெளிய கையைக் காட்டி, முன்னாடி இதுங்கள கல்லால அடிப்போம், கூட்டுக்கு அடியில புகை போடுவோம்னு சொன்னாங்க. மறைக்கல. சொல்லிட்டு ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. எங்க அம்மா ஜன்னலை நான் அங்கதான் நினைச்சேன்.

எண்ணிக்கையும் சொல்லணும், ஏன்னா இது வெறும் மனசைத் தொடுற கதைன்னு நினைச்சிரக்கூடாது. இவங்க ஆரம்பிச்சப்போ தாதரா, பசரியா, சிங்கிமாரி மூணு ஊர்லயும் சேத்து 28 கூடு. 2022ல 250க்கு மேல. உலகத்துலயே ஹர்கிலா அதிகமா குஞ்சு பொரிக்கிற எடம் இன்னைக்கு இதுதான். உயரமான மரம் போதலன்னு 2017ல மூங்கில்ல பெரிய மேடை கட்டி வச்சாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அதுலயும் குஞ்சு பொரிச்சிருச்சு. மரக்கன்னும் ஆயிரக்கணக்குல நட்டிருக்காங்க. 2023ல உலக அளவுல இந்தப் பறவை அழியுற நிலைங்கற பட்டியல்ல இருந்து ரெண்டு படி நல்ல நிலைக்கு மாறியிருக்கு. ஹர்கிலா ஆர்மியில இப்ப 20,000 பொம்பளைங்க. ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த் விருது 2022ல, இயற்கைப் பாதுகாப்புக்கு இங்கிலாந்துல குடுக்குற விட்லி விருது 2017ல ஒரு தடவை, 2024ல அதோட தங்க விருது. விருது எல்லாம் சரி, எனக்கு 28ங்கற அந்த நம்பர்தான் மண்டையில நிக்குது, 28 கூட்டை வச்சுக்கிட்டு ஒருத்தர் நம்பிக்கையோட ஆரம்பிக்கிறதுன்னா சும்மாவா.

ஒரு காலத்துல கல்கத்தா முழுக்க இந்தப் பறவை இருந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா, வெள்ளைக்காரன் காலத்துல மாளிகை உச்சியில எல்லாம் வரிசையா நிக்குமாம், அந்த ஊர் மாநகராட்சியோட பழைய சின்னத்துலயே ரெண்டு ஹர்கிலா இருந்துச்சு. ஊரைச் சுத்தம் பண்றதே அதுதான்னு மதிப்பு. இன்னைக்கு அங்க ஒண்ணு கூட கூடு கட்டுறது இல்ல. இப்ப அசாம், பீகார்ல பாகல்பூர் பக்கம், அப்புறம் கம்போடியா, அவ்வளவுதான் மிச்சம். குவாஹாட்டியிலயே தீபோர் பீல் ஏரி, உலக அளவுல முக்கியமான சதுப்புநிலங்களோட ராம்சார் பட்டியல்ல இருக்குற சதுப்பு, அதை ஒட்டி ஊர்க்குப்பைய வருஷக்கணக்கா கொட்டி, அந்தக் குப்பை மேட்டுல நூத்துக்கணக்குல ஹர்கிலா பிளாஸ்டிக்குக்கு நடுவுல நின்னு தின்னுட்டு இருக்குற காட்சி பாத்தா வயித்தைப் பிசையும். கூடு காப்பாத்தியாச்சு, தீனிக்கு சதுப்பு வேணுமே. அந்த வேலை இன்னும் நிறைய கிடக்கு.

சரி, துணி ஒரு வருஷத்துல எப்படி இருக்கு. கமோசா மொதல் தோய்ப்புல கஞ்சி போயி மெத்துன்னு ஆயிருச்சு, கொஞ்சம் சுருங்குச்சு, காட்டன்னா அது இருக்கும். சிவப்பு இறங்கல, ஆனாலும் நான் மொதல் ரெண்டு தடவை கல்லுப்பு போட்ட பச்சைத் தண்ணியில தனியாத்தான் அலசினேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க, வாஷிங் மெஷின்ல போடாதீங்க, பின்பக்கம் இருக்குற நூல் எதுலயாவது மாட்டினா புட்டா இழுத்துக்கும். நிழல்ல காயப்போடுங்க. முனையில குஞ்சம் பிரியாம இருக்க நான் ஊர்ல எங்க சித்தி சேலைக்குப் போடுற மாதிரி கை முடிச்சு போட்டுட்டேன், அரை மணி நேர வேலை. ஈரம் உறிஞ்சுறது நம்ம ஈரிழைத் துண்டு அளவுக்கு இல்ல, குளிச்சுட்டுத் துவட்டத்தான் வேணும்னா ஈரோட்டுத் துண்டே வாங்கிக்கோங்க, இது தோளுல போட, பூஜையில விரிக்க, யாருக்காவது மரியாதை செய்ய.

ஸ்டோல் பத்தி சொல்லணும்னா, அது சென்னை வெயிலுக்கும் சரி வரும், கனம் கம்மி. ஆஃபீஸ்ல காட்டன் சுடிதார் மேல போட்டுட்டுப் போனா தெனம் ஒருத்தராவது இது என்ன பறவைன்னு கேக்குறாங்க, லிஃப்ட்ல மூணு மாடி ஏறுறதுக்குள்ள எலும்பு முழுங்கியில இருந்து வளைகாப்பு வரைக்கும் சொல்லி முடிக்க இப்ப எனக்குப் பழகிருச்சு. கலர் ரொம்பக் கம்மி, வெள்ளை சிவப்பு விட்டா நான் பாத்த அன்னைக்கு ரெண்டு மூணு நிறம்தான் இருந்துச்சு. மேகலா சாதரும் நெய்றாங்க, அதுல பறவை வரிசையா ஓடுறது ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா ரெண்டு துண்டா உடுத்துற அந்த உடுப்பு எனக்குக் கட்டத் தெரியாதுன்னு வாங்கல, அடுத்த தடவை பாக்கணும்.

விலை, பஜார்ல கிடைக்குற பவர்லூம் கமோசாவைவிட நிச்சயமா கூட. ஒரு பறவை நெய்ய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நேர்ல பாத்தவ நான், அந்த விலை நியாயம். கைத்தறி, வீட்டு வேலை, பிள்ளைங்க, வயல் எல்லாம் பாத்துட்டு நடுவுல நெய்றது, அதனால கேட்ட உடனே அம்பது பீஸ் கிடைக்கும்னு நினைக்காதீங்க, கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் குடுக்கணும்னா ரொம்ப முன்னாடியே கேளுங்க. சும்மா ஒரு ஷோபீஸ் வேணும்னா இது வேண்டாம், பிரிண்ட்டே போதும். துணிக்கு நான் குடுக்குறது அஞ்சுக்கு அஞ்சு.

ரெண்டாவது கமோசா அம்மாவுக்கு. போன பங்குனியில ஊருக்குப் போனப்போ குடுத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துச்சு, என்னடி இது, கழுத்துல மூட்டையக் கட்டிட்டு நிக்குதுன்னுச்சு. நான் முழுக் கதையும் சொன்னேன், மரம் வெட்டினது, குஞ்சு விழுந்தது, எச்சத்தைக் கழுவ வான்னு சொன்னது. அம்மா ஒண்ணும் சொல்லல. துண்டை மடிச்சு மடியில வச்சுக்கிச்சு. மறுநாள் காலையில பாத்தா துண்டைக் காணோம், எங்கம்மான்னு கேட்டா மேலவீட்டு அத்தைக்குக் குடுத்துட்டேன்னுது. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு, அவ்வளவு தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்தது. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, தெருவுல இப்ப மிச்சம் இருக்குற ஒரே புளியமரம் அத்தை வீட்டுக் கொல்லையில, வெட்டின மரத்துல இருந்த பறவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அங்கதான் வந்து அடையுது, அத்தையும் ரெண்டு வருஷமா நாத்தம் தாங்கல தாங்கலன்னு சொல்லிட்டே இருக்காங்க. அம்மா அந்தத் துண்டை அத்தை தோளுல போட்டுவிட்டு, உங்க வீட்டுக்கு வந்திருக்குறது மாசமா இருக்குற பிள்ளைங்க மதினின்னு சொல்லியிருக்கு.

அத்தை அதுக்கு என்ன சொன்னாங்கன்னு அம்மா சொல்லல. ஆனா போன வாரம் ஃபோன் வந்துச்சு, அம்மா, பக்கத்துல அத்தை குரலும் கேக்குது. அந்த அசாம்காரங்க மரத்துக்கு அடியில கட்டுற வலை என்ன கண் அளவு, தரையில இருந்து எவ்வளவு உசரத்துல கட்டணும், கேட்டுச் சொல்லு, அத்தை தம்பிகிட்ட கண்மாய்ல போடுற பழைய வலை ஒண்ணு இருக்காம். தாதராவுல அந்த மருமகளுக்கு மெசேஜ் போட்டிருக்கேன். ஐப்பசிக்கு முன்னாடி கட்டணும்.